நடுத்தர உலையும் நியூட்ரான் சிதறலும்: துருவாவை முன்வைத்து

மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலை 1985 ஆகஸ்ட் 8 அன்று தொடர்வினை நிலையை எட்டியது. அதன் வெப்ப ஆற்றல் 100 மெகாவாட். உச்ச நியூட்ரான் பாயம் நொடிக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 × 10¹⁴. பிரான்சின் கிரெனோபில் நகரில் உள்ள லாவ்-லாஞ்செவன் நிறுவன உலையில் இது 1.5 × 10¹⁵. எட்டில் ஒரு பங்கு பாயம் கொண்ட உலையில் பொருளறிவியலுக்கு இனி என்ன கிடைத்துவிடும் என்ற கேள்வி இந்த ஒப்பீட்டிலிருந்தே எழுகிறது. பாயத்தைக் கொண்டு ஓர் உலையின் அறிவியல் மதிப்பை அளப்பது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். நியூட்ரான் சிதறலின் பெரும் முடிவுகள் பலவும் இன்றைய கணக்கில் மிக எளிய உலைகளில்தான் கிடைத்தன. அவற்றைச் சாத்தியமாக்கியவை நியூட்ரானின் இயல்பும், கருவியைத் தாமே வடிவமைத்த ஆய்வாளர்களின் திறனுமே.

இயல்பிலிருந்து தொடங்குவோம். உலையின் மட்டுப்படுத்தியில் அறை வெப்பநிலைக்குத் தணிந்த நியூட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ 1.8 ஆங்ஸ்ட்ராம், ஆற்றல் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். படிகத்தில் அணுக்களிடையே உள்ள தொலைவும் அவற்றின் அதிர்வு ஆற்றலும் இதே அளவு வரம்பில் அமைந்துள்ளன. அதே அலைநீள எக்ஸ் கதிரின் ஆற்றலோ கிட்டத்தட்ட 7,000 எலக்ட்ரான் வோல்ட். 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அதிர்வு ஒன்றைத் தூண்டிவிட்டு வெளியேறும் நியூட்ரான் தன் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்திருக்கும். எக்ஸ் கதிர் இழப்பது பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கே. மின்னூட்டம் இல்லாததால் நியூட்ரான் எலக்ட்ரான் மேகத்தைக் கடந்து அணுக்கருவைச் சேர்கிறது. ஆகவே கன உலோகத்தின் அருகிலுள்ள ஹைட்ரஜனும் அதன் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஹைட்ரஜனின் சிதறல் நீளம் −3.74 ஃபெம்டோமீட்டர், டியூட்டீரியத்தினுடையது +6.67. குறியே மாறுவதால், சாதாரண நீரையும் கனநீரையும் தக்க விகிதத்தில் கலந்து, ஒரு புரதக் கூட்டமைப்பின் ஒரு பகுதியைக் கரைசலோடு கரைசலாக மறையச் செய்து மற்றதை மட்டும் அளக்க முடிகிறது. நியூட்ரானின் காந்தத் திருப்புத்திறன் அணுக்களின் காந்த ஒழுங்கையும் காட்டிக்கொடுக்கிறது. பொருளோடு அது மெலிதாகவே வினைபுரிவதால் சில சென்டிமீட்டர் எஃகையும் ஊடுருவும். அதே காரணத்தால் சிதறலை எளிய கோட்பாட்டைக் கொண்டு தனி அளவாகவே கணக்கிடலாம். சான்று என்ற வகையில் இதுவே அதன் தலையாய தகுதி என்பேன்.

இனி வரலாற்றுச் சான்று. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் கிராஃபைட் உலை 1943-இல் புளூட்டோனியம் உற்பத்திக்கான முன்னோட்டமாகக் கட்டப்பட்டது. துருவாவின் பாயத்தோடு ஒப்பிட்டால் அதனுடையது மிகச் சிறிது. அங்கே எர்னஸ்ட் வோலனும் கிளிஃபோர்ட் ஷல்லும் உலோகத் தூள்களிலிருந்தும் உப்புகளிலிருந்தும் தொடங்கினர். கனநீர்ப் பனிக்கட்டியில் டியூட்டீரிய அணுக்களின் இருப்பிடத்தை அளந்து, வேதியியலாளர் பாலிங் 1935-இல் முன்வைத்த ஒழுங்கற்ற ஹைட்ரஜன் அமைப்புக்கு வலுவான ஆதரவு தந்தனர். 1949-இல் ஷல்லும் சாமுவேல் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடை 80 கெல்வினில் அளந்தபோது, அறை வெப்பநிலையில் இல்லாத புதிய முகடுகள் தோன்றின. அவற்றை விளக்க, 4.43 ஆங்ஸ்ட்ராம் பக்கமுள்ள வேதி அலகுக்கூட்டை இருமடங்காக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்த மாங்கனீசு அடுக்குகளின் காந்தங்கள் எதிரெதிராக நிற்கின்றன என்பதே அதன் பொருள். லூயி நீல் 1930-களில் கணித்த எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்குக்கு இதுவே முதல் நேரடிச் சான்று. ஷல்லுக்கு 1994-இல் நோபல் பரிசு கிடைத்தபோது வோலன் உயிரோடு இல்லை. அவர் பங்கை மறந்து இந்த வரலாற்றைச் சொல்வது நியாயமாகாது.

கனடாவின் சாக் ரிவர் ஆய்வகம் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. பெர்ட்ராம் பிராக்ஹவுஸ் 1950-களில் அங்கே உருவாக்கிய மும்மை அச்சு நிறமாலைமானியில், ஒரு படிகம் நுழையும் நியூட்ரானின் ஆற்றலைத் தேர்கிறது. மற்றொரு படிகம் வெளியேறும் நியூட்ரானின் ஆற்றலைப் பகுக்கிறது. இடையில் ஆய்வுப் பொருள் சுழல்கிறது. டிராம்பேயிலிருந்து அங்கு சென்ற பி. கே. அய்யங்கார் பிராக்ஹவுஸோடு சேர்ந்து ஜெர்மேனியத்தின் அதிர்வு முறைகளை அளந்து 1958-இல் வெளியிட்டார். அண்டை அணுக்களுக்கு இடையிலான விசையை மட்டும் கொண்ட மாதிரிகள் அந்த அளவீட்டின் முன் நிற்கவில்லை. மறு ஆண்டே இயற்பியலாளர் காக்ரன் கூடு மாதிரியைக் கொண்டு அதை விளக்க முற்பட்டார். நாடு திரும்பிய அய்யங்காரின் குழு டிராம்பேயின் அப்சரா, சைரஸ் உலைகளில் சொந்தக் கருவிகளை அமைத்தது. 1960-களில் பன்னாட்டு அணுசக்தி முகமையோடு இணைந்து பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு நிறமாலைமானியும் பயிற்சியும் வழங்கும் அளவுக்கு அத்திறன் வளர்ந்தது. வாங்கிய கருவியால் மட்டும் இந்த வளர்ச்சி வந்திருக்காது.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிர் பற்றியது. இன்றைய சிங்க்ரோட்ரான் நிலையங்கள் மில்லி எலக்ட்ரான் வோல்ட் நுணுக்கத்தில் அதிர்வையும், தனிமங்களைப் பிரித்தறிந்து காந்த ஒழுங்கையும் அளக்கின்றன. மிகச் சிறு படிகத்திலும் மிகுந்த அழுத்தத்திலும் வெற்றி அவற்றுக்கே. அதை மறுக்க இடமில்லை. ஆனால் ஹைட்ரஜன் சேமிக்கும் உலோகத்தில் ஹைட்ரஜன் எங்கே அமர்கிறது, தடித்த பற்றவைப்பின் உள்ளே தகைவு எவ்வளவு, ஓர் அயனியின் காந்தத் திருப்புத்திறன் தனி அளவில் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு நியூட்ரானே முதல் சாட்சி. கணினிக் கணிப்பே போதும் என்பாரும் உண்டு. மாங்கனீசு ஆக்சைடு போன்ற, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று வலுவாகத் தாக்கும் சேர்மங்களிலேயே வழக்கமான அடர்த்திச் சார்பியக் கணிப்புகள் தடுமாறுகின்றன. அங்கே கணிப்பைத் திருத்த அளவீடு வேண்டும்.

வெளிநாட்டு நியூட்ரான் கற்றைகளை நாடலாமே என்பது மூன்றாவது மறுப்பு. நாடத்தான் வேண்டும், மிகச் சிறு மாதிரிகளுக்கும் விரைந்த மாற்றங்களுக்கும் அவையே தகும். ஆனால் அங்கே ஓர் ஆய்வுக்குக் கிடைப்பது சில நாள்களே. மாதிரியைச் சோதிக்கவும், தவறிய அளவீட்டை மீண்டும் எடுக்கவும், மாணவர் கருவியைக் கழற்றி மாட்டிப் பழகவும் அருகில் ஓர் உலை தேவை. பிராக்ஹவுஸின் கருவி பிறந்த சாக் ரிவரிலேயே கடைசிக் கற்றை உலை 2018 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. கனடிய ஆய்வாளர்கள் தங்கள் முதன்மையான உள்நாட்டு நியூட்ரான் மூலத்தை இழந்தனர். துருவா இயங்கத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு அடுத்து வரும் ஆராய்ச்சி உலையின் முதல் வரைபடத்திலேயே குளிர் நியூட்ரான் மூலமும் கற்றைக் கூடமும், பல்கலைக்கழக மாணவர்களுக்கான இடமும் குறிக்கப்பட வேண்டும். ஐசோடோப்பு உற்பத்திக்குப் போக எஞ்சிய கற்றைத் துளைகளை ஆய்வாளருக்கு ஒதுக்குவது போதாது.