சுக்கும் கீமோதெரபியும்

"சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய கடவுளும் இல்லை" என்பது நம் ஊர்ப் பழமொழி. வயிறு மந்தமா, இஞ்சிச் சாறு. பஸ்ஸில் குமட்டுகிறதா, வாயில் அடக்கிக்கொள்ள ஒரு துண்டு இஞ்சி. இதெல்லாம் வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியம்தான். ஆனால் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவருக்கு வரும் குமட்டலையும் இஞ்சி அடக்குமா? இதற்கு விடை தேடிய வரலாறு சுவாரசியமானது.

இஞ்சியின் மருந்துப் பெருமை மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் டயோஸ்கொரிடீஸ், அது வயிற்றுக்கு நல்லது என்று தன் நூலில் எழுதி வைத்தார். 'ஜிஞ்சர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போனால், கிரேக்கம், பாலி வழியாக 'இஞ்சி வேர்' என்ற திராவிடச் சொல்லில் போய் முடிகிறது என்பது மொழி அறிஞர்கள் பலரின் கருத்து. பெருமைதான்! ஆனால் பழமை மட்டுமே ஒரு மருந்துக்குச் சாட்சி ஆகாது.

கீமோதெரபியோ நேற்றுப் பிறந்த குழந்தை. 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ரசாயனப் போர் ஆராய்ச்சியிலிருந்து வந்த நைட்ரஜன் மஸ்டர்டை ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1978-ல் சிஸ்பிளாட்டின் அங்கே அனுமதி பெற்றது. விரைப் புற்றுநோய் வந்த பல இளைஞர்களை அது பிழைக்க வைத்தது. ஆனால் அது கிளப்பிய வாந்தி பயங்கரமானது. அடுத்த ஊசிக்குப் பயந்து சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. அப்படியானால் குமட்டல் என்பது வெறும் சங்கடம் அல்ல, உயிர்ப் பிரச்சினை.

இந்த வாந்தி ஏன் வருகிறது? மருந்து குடலின் உட்சுவரைத் தாக்கும்போது அங்குள்ள செல்கள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. அது நரம்பு முனைகளைத் தூண்ட, மூளைக்குச் சேதி போகிறது. 1991-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒண்டான்செட்ரான் இந்தச் சேதியை வழியிலேயே மறித்தது. வாந்தி வெகுவாகக் குறைந்தது. ஆனால் வாந்தி நின்ற பிறகும் குமட்டல் பலரை விடவில்லை. அதனால்தான் மருத்துவர்கள் இஞ்சியின் பக்கம் திரும்பினார்கள்.

அதற்கு முன்பே இஞ்சி வேறு சோதனைகளைச் சந்தித்திருந்தது. 1982-ல் அமெரிக்காவில் மௌரி, கிளேசன் என்ற இருவர், 36 கல்லூரி மாணவர்களைச் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார்கள். சிலருக்கு இஞ்சித் தூள், சிலருக்குப் பயண வாந்தி மாத்திரை, சிலருக்கு வெறும் போலி மருந்து. அதிக நேரம் தாக்குப்பிடித்தவர்கள் இஞ்சி சாப்பிட்டவர்களே. 1988-ல் டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரிடம் நடுக்கடலில் நடந்த சோதனையிலும் இஞ்சி வாந்தியைக் குறைத்தது.

புற்றுநோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனை ராச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழுவுடையது. 2009-ல் அறிவிக்கப்பட்டு 2012-ல் முழுமையாக வெளிவந்தது. முந்தைய கீமோவில் குமட்டலால் அவதிப்பட்ட 576 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்து உண்டு. அதோடு சிலருக்கு இஞ்சி மாத்திரை, சிலருக்குப் போலி மாத்திரை, கீமோவுக்கு மூன்று நாள் முன்பிருந்தே. இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. நாளுக்கு அரை கிராமும் ஒரு கிராமும்தான் அதிகப் பலன் தந்தன. ஒன்றரை கிராம் அவற்றை மிஞ்சவில்லை! 2011-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், எலும்புப் புற்றுநோய் வந்த சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் இஞ்சித் தூளால் இதே போன்ற பலனைக் கண்டார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் பழமொழி ஜெயித்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் 2009-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 162 பேரிடம் நடத்திய சோதனையில் இஞ்சியால் கூடுதல் பலன் தெரியவில்லை. 2017-ல் இத்தாலியில் சிஸ்பிளாட்டின் எடுத்தவர்களிடம் நடந்த சோதனையிலும் அப்படியே. இஞ்சியின் அளவு, தயாரிப்பு, கூடவே கொடுத்த மருந்துகள் எல்லாம் சோதனைக்குச் சோதனை வேறுபட்டன.

ஆக, இஞ்சி சிலருக்கு உதவும் துணை மருந்து. வாந்தி மாத்திரைக்கு மாற்று அல்ல. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இஞ்சி ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். கீமோவில் தட்டணுக்கள் குறைந்தவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பாசத்தோடு வீட்டில் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதை மருத்துவரிடம் மறைப்பதுதான் தவறு. இத்தனை சோதனைகளும் நடந்ததே, கஷாயத்தைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச முடிய வேண்டும் என்பதற்காகத்தானே?