அரை ஆள்

விடியுமுன்பே போடிநாயக்கனூர் வட்டாரத்து ஊர்களில் ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சிலமலை போன்ற அடிவாரத்து ஊர்களிலிருந்து தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். வண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். அவர்கள் மலையிறங்கி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதுவரை வீட்டில் உலை வைப்பதும், தம்பி தங்கைக்குத் தலைசீவி விடுவதும், ஆடு கோழியைப் பார்ப்பதும் மூத்த பிள்ளையின் பொறுப்பு. அந்த மூத்த பிள்ளை பெரும்பாலும் பெண்பிள்ளை.

ஏலத்தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் விலையையும் மழையையும் ஏலச்சந்தையையும் எழுதினார்கள். இந்தப் பிள்ளைக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

முதலில் மலையிலேயே அவளுக்கு வேலை இருந்தது. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் பிடிப்பது தரையோடுதான். தூரிலிருந்து கிளம்பிப் படர்ந்து கிடக்கும் சரத்தில், பிஞ்சை விட்டுவிட்டு முற்றியதை மட்டும் விரலால் தேடி எடுக்க வேண்டும். 30 முதல் 45 நாளைக்கு ஒரு சுற்று என்று மாதக்கணக்கில் காய் எடுப்பு நடக்கும். நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டிய வேலை. குனிய முதுகும் துழாவச் சின்ன விரலும் போதும் என்றால் பிள்ளைகள் நினைவுக்கு வருவதற்கு நேரமாகாது. காடு கழனியில் ‘அரை ஆள் கூலி’ என்பது தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த கணக்கு. கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழரிடமும் அரை நாள் கூலிக்கு ‘அரைப் பேர்’ என்ற சொல் இருந்தது.

‘அரை ஆள்’ என்ற சொல்லை நின்று கவனிக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்தவருக்கு அது முழுப் பிள்ளையாகத் தெரியவில்லை. பாதித் தொழிலாளியாகத் தெரிந்திருக்கிறது.

இதில் பெற்றோரின் பங்கு என்ன என்ற கேள்வியைச் சட்டம் மிக முன்பே கேட்டுவிட்டது. தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் 1931-இல் வெளியிட்ட அறிக்கை, முன்பணத்துக்காகப் பெற்றோர் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதைப் பேசியது. அதைத் தொடர்ந்து 1933-இல் வந்த சட்டம், 15 வயது நிறையாத பிள்ளையை அப்படி அடகு வைப்பது செல்லாது என்றது. பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும், வேலை வாங்குபவருக்கு 200 ரூபாய் வரையும் அபராதம். கடன் வாங்கிய கையைத்தான் அது பிடித்தது. கடன் வாங்க வைத்த வறுமைக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெரிய மாற்றம். 12 வயது நிறையாத பிள்ளையைத் தோட்ட வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 12 நிறைந்தால் வைக்கலாம். மருத்துவர் தகுதிச் சான்று தர வேண்டும், அந்தச் சான்றைக் குறிக்கும் வில்லையொன்றைப் பிள்ளை வேலை நேரத்தில் வைத்திருக்க வேண்டும். அதே சட்டம், தோட்டத்தில் 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், முதலாளி கல்வி வசதி செய்துதர மாநில அரசு விதி வகுக்கலாம் என்றும் சொன்னது. பள்ளிக்கு விட்ட வயது முடிகிற இடத்திலேயே வேலைக்கு விட்ட வயது தொடங்குகிறது. பாடப் புத்தகத்தைக் கீழே வைத்த கையில் வில்லை.

அதிலும் ஏலத்தின் பெயர் இல்லை. தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா ஆகியவற்றோடு 1951-ஆம் ஆண்டுச் சட்டம் நின்றுவிட்டது. மற்றத் தோட்டங்களைச் சேர்க்க மாநிலங்களுக்கு அதிகாரம் இருந்தாலும், மத்தியச் சட்டத்தின் வாசகத்துக்குள் ஏலம் நுழைந்தது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். முப்பது ஆண்டு என்பது ஒரு தாயும் அவள் மகளும் அடுத்தடுத்து வளர்ந்து முடிக்கிற காலம்.

இடையில் 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு எழுந்து, 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். அடுத்து 1956-இல் அவர் தொடங்கிய மதிய உணவுதான், பெற்ற தாய் வேலைக்குப் போன பின்னும் பிள்ளை பசியாறலாம் என்ற நிலையை முதன்முதலாக ஊர் ஊராகக் கொண்டுசென்றது.

அதே 1956-இல் மாநில எல்லையும் வகுக்கப்பட்டது. தோட்டங்கள் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு போக, போடிப் பக்கத்துத் தொழிலாளிக்கு வீடு ஒரு மாநிலத்திலும் வேலை இன்னொரு மாநிலத்திலும் என்ற நிலையே தொடர்ந்தது. பிள்ளைக் காப்பகமும் பள்ளியும் தோட்டத்தோடு கட்டப்பட்ட உரிமைகள். காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெரிசல் ஜீப்பில் எப்படி ஏறுவாள்? வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவாள். பிள்ளை தோட்டத்திலிருந்து விடுபட்டாள், வீட்டில் மாட்டிக்கொண்டாள்.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயது வரை எல்லா வேலைக்கும் தடை போட்டாலும், பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவதை அனுமதிக்கிறது. தங்கையைக் குளிப்பாட்டுவதை எந்த ஆய்வாளரும் வேலையாக எழுதுவதில்லை. வீட்டிலோ அதற்குப் பாராட்டு கிடைக்கிறது: “எம் மக பெரிய மனுஷியாட்டம் பொறுப்பு.” அன்போடு சொல்லப்படும் இந்த வார்த்தைதான் அவளுடைய விளையாட்டை நிறுத்துகிறது. பொறுப்பானவள் என்று பெயரெடுத்த பெண்ணுக்குச் சீக்கிரமே மாப்பிள்ளையும் பார்ப்பார்கள். பெண்ணின் திருமண வயது 1929-இல் 14, 1949-இல் 15, 1978-இல் 18 என்று சட்டத்தில் ஏறியது. வீட்டுப் பேச்சு அதே வேகத்தில் ஏறவில்லை.

அந்தத் தாய்மார்களைக் குறை சொல்வது அநியாயம். ஜீப் கிளம்பும் நேரத்துக்கும் பள்ளி மணிக்கும் நடுவே உள்ள சில மணி நேரத்துக்குத்தான் இங்கே வழி இல்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அந்த இடைவெளிக்குள் கைவைத்த முதல் பெரிய ஏற்பாடு. அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உரியது. தம்பி பள்ளியில் சாப்பிட்டுவிடுவான். ஆறாம் வகுப்பு அக்காவுக்கு அடுப்பு மிச்சம் இருக்கும்.

காய் எடுப்பு மும்முரமான மாதங்களில், போடி வட்டாரத்துப் பள்ளிகள் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது ஒருவர் போய், காலையில் அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்க வேண்டும்.