பொடிவைத்து ஊதியவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில், இராயபுரத்துக்குத் தெற்கே அமைந்த கறுப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில், வெள்ளி வேலை பழகும் கம்மாளச் சிறுவன் தந்தையின் பட்டறையில் முதலில் துருத்தி ஊதி, பின்னர் கம்பி இழுத்து, அதன் பிறகே பொடிவைத்து ஊதக் கற்றான். பற்றாசுப் பொடியைத் தூவி, ஊதுகுழலால் தீயைச் செலுத்தி இரு துண்டுகளை இணைப்பதே இது. உட்பொருள் வைத்துப் பேசுவதைக் குறிக்கும் ‘பொடிவைத்துப் பேசுதல்’ என்னும் வழக்கு இந்தத் தொழிலில் பிறந்தது. அனைத்திலும் கடினமானது புடைப்பு வேலை: தகட்டை அரக்கில் பதித்து, பின்புறமிருந்து உளியால் தட்டி உருவத்தை எழுப்பி, மறுபடி திருப்பி, முன்புறத்தில் கண்ணையும் அணிகலனையும் தீட்ட வேண்டும். 1835 முதல் கிழக்கிந்தியக் கும்பினி வெளியிட்ட ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்ததால், உருக்குவதற்கு நாணயமும் ஏற்றதாக இருந்தது.

இக்கைத்திறன், தெய்வ உருவங்கள் நிறைந்த தேநீர்க் கலங்களாக, ‘சுவாமி வெள்ளி’ என்னும் பெயரில், பீட்டர் ஆர் நிறுவிய பி. ஆர் அண்டு சன்ஸ் வழியாக ஐரோப்பிய மாளிகைகளை அடைந்தது. கலங்களின் அடியில் நிறுவன முத்திரை உண்டு. தட்டிய பத்தரின் பெயர் இல்லை என்பது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளியில் பின்னாளில் பயின்ற சிற்பி பி. வி. ஜானகிராம், செப்புத் தகட்டில் தெய்வ உருவங்களைத் தட்டி, கம்பிகளைப் பற்றவைத்து, அவற்றைத் தம் பெயராலேயே உலகின் முன் வைத்தார்.