1959இல் மாறிய ஒரு சொல்: ஒன்றிய – மாநில வரிப் பகிர்வு குறித்து

1959 ஜூலை 31 அன்று கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான அரசு கலைக்கப்பட்டது. ஒன்றிய – மாநில உறவைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நாளைத் தவறவிடுவதில்லை. அதே ஆண்டின் நிதிச் சட்டம் செய்த வேலையைக் குறிப்பிடுகிறவர்களோ மிகச் சிலர். நிறுவனங்கள் செலுத்திய வருமான வரி அதுவரை மாநிலங்களுடன் பகிரப்பட்டு வந்தது. அச்சட்டம் அதை ‘நிறுவன வரி’ என்று வகைமாற்றியது. நிறுவன வரி பகிர்வுக்கு உட்பட்டதன்று என்பது அரசமைப்பின் 270ஆம் உறுப்பில் முன்பே இருந்த விதி. அரசமைப்பில் ஓரெழுத்தும் திருத்தப்படாமலே, வளர்ந்துவரும் ஒரு வரி மாநிலங்களின் கையைவிட்டுப் போயிற்று.

இந்தியக் கூட்டாட்சியில் அதிகாரம் இடம்பெயர்ந்த வரலாற்றை ஏழாம் அட்டவணையின் மூன்று பட்டியல்களில் தேடுவது நம் ஆய்வுகளின் வழக்கம். அவற்றில் நிகழ்ந்த பெரிய மாற்றம் என்று சொல்லத்தக்கது, 1976இன் 42ஆம் திருத்தம் கல்வியையும் காடுகளையும் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனதுதான். அதன் விளைவு கடுமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுபதாண்டுகளாக இடைவிடாமல் நடந்துவந்திருப்பது வேறொன்று. பகிர்வு விழுக்காடு உயரும்போதெல்லாம், பகிரத்தக்க வரிகளின் தொகுப்பு ஒரு பக்கம் சுருக்கப்பட்டிருக்கிறது. மாநிலத்துக்கு உரிமையாக வரவேண்டிய பணம் நிபந்தனையோடு வரும் பணமாக மாறியிருக்கிறது. என் வாதம் இதுவே.

முதல் நிதிக் குழு 1952இல் வருமான வரியில் மாநிலங்களுக்கு 55 விழுக்காடு பரிந்துரைத்தது. அடுத்த குழு அதை 60 ஆக்கியது. நிறுவனங்களின் வரி போன பிறகு மூன்றாம் குழு மூன்றில் இரு பங்காக உயர்த்தியது. 1978இல் ஏழாம் குழு 85க்குக் கொண்டுசென்றது. ஏட்டளவில் இது மாநிலங்களின் வெற்றி. ஆனால் ஒரு ரூபாய் வருமான வரி வசூலித்தால் தன்னிடம் 15 காசுதான் தங்கும் என்ற நிலையில், அந்த வரியைப் பெருக்க ஒன்றியத்துக்கு என்ன ஊக்கம் இருக்கும்? பகிரத் தேவையில்லாத சுங்க வரியின் பக்கமே அது சாய்ந்தது. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவற்றில், பகிரவேண்டிய கலால் வரியை உயர்த்தாமல் அரசே நிர்ணயிக்கும் விலையை உயர்த்தி வருவாய் தேடியதையும் மாநிலங்கள் அன்று குறைகூறின.

இந்தக் கோணலை நேராக்க வந்ததுதான் 2000ஆம் ஆண்டின் 80ஆம் திருத்தம். கே.சி. பந்த் தலைமையிலான பத்தாம் நிதிக் குழுவின் மாற்றுத் திட்டத்தைத் தழுவி, ஒன்றியத்தின் எல்லா வரிகளும் ஒரே தொகுப்பில் சேர்க்கப்பட்டன. நிறுவன வரியும் சுங்க வரியும் பகிர்வுக்குள் வந்தன. 1959இன் இழப்பு நாற்பதாண்டு கழித்துச் சீராக்கப்பட்டது என்றே இதைச் சொல்லலாம். நேர்மையான சீர்திருத்தம் அது. ஆயினும் ஒரு வாசல் திறந்தே விடப்பட்டது. செஸ் எனப்படும் மேல்வரியும் சர்சார்ஜ் எனப்படும் கூடுதல் வரியும் தொகுப்புக்கு வெளியே என்று அதே திருத்தம் எழுதிவைத்தது.

அந்த வாசலின் அகலம் பின்னர் தெரிந்தது. ஒய்.வி. ரெட்டி தலைமையிலான பதினான்காம் நிதிக் குழு, மாநிலங்களின் பங்கை 32இலிருந்து 42 விழுக்காடாக உயர்த்தியது. ஒரே தாவலில் பத்துப் புள்ளிகள் என்பது அதற்கு முன் எந்தக் குழுவும் செய்யாதது. (பதினைந்தாம் குழு, ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பகுதியானதைக் கணக்கில்கொண்டு அதை 41 ஆக்கியது.) ஆனால் 2011–12இல் ஒன்றியத்தின் மொத்த வரி வருவாயில் சுமார் பத்தில் ஒரு பங்காக இருந்த செஸ், கூடுதல் வரிகளின் அளவு 2020–21இல் ஐந்தில் ஒரு பங்கை எட்டியது. மீதமுள்ள நான்கு பங்கில்தான் 41 விழுக்காடு.

ஒரு லிட்டர் பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரி நிதிநிலை அறிக்கைக்குப் பின் அதன்மீது ஒன்றியம் விதித்த கலால் வரி 32 ரூபாய் 90 காசு. இதில் சாலை, உள்கட்டமைப்பு செஸ் 18 ரூபாய். சிறப்புக் கூடுதல் கலால் 11 ரூபாய். அன்று புதிதாக நுழைந்த வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு. அடிப்படைக் கலால் வரி எஞ்சிய 1 ரூபாய் 40 காசு மட்டுமே. பகிர்வுக்கு வந்ததும் அதுவே. அதில் 41 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 57 காசு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. வேளாண் செஸ் வந்தபோது அடிப்படைக் கலால் வரியும் சிறப்புக் கலால் வரியும் குறைக்கப்பட்டதால் வாகன ஓட்டி கொடுத்த விலை ஏறவில்லை. பெட்ரோல் பங்கில் நின்ற எவருக்கும் எதுவும் மாறியதாகத் தெரிந்திருக்காது.

ஒன்றியத்தின் தரப்பை ஒதுக்கிவிட முடியாது. பாதுகாப்பு, பேரிடர், கொள்ளைநோய் போன்றவற்றுக்குத் திடீரெனப் பணம் திரட்ட ஒரு வழி வேண்டும். ஒன்றியத்தின் தேவைகளுக்காகக் கூடுதல் வரி விதிக்க அரசமைப்பின் 271ஆம் உறுப்பு இடம் தருகிறது. திரட்டிய பணம் ஒன்றிய ஆதரவுத் திட்டங்களாக மாநிலங்களுக்கே திரும்புகிறது என்பதும் ஓரளவு உண்மை. ஆனால் திரும்பும் விதம் முக்கியம். வரிப் பங்காக வரும் ரூபாயை எங்கே செலவிடுவது என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்கிறது. திட்டமாக வரும் ரூபாய், விதிமுறைகளோடும் மாநிலம் தன் கையிலிருந்து போடவேண்டிய, பெரும்பாலும் நாற்பது விழுக்காடான பங்கோடும் வருகிறது. உடல்நலமும் வேளாண்மையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்கான முன்னுரிமை தில்லியில் தீர்மானமாகிறது. மேலும், செஸ் குறித்த நோக்கத்துக்கே செலவாகிறது என்பதும் உறுதியில்லை. 2018–19இல் வசூலான சுமார் 2.74 லட்சம் கோடி ரூபாயில் 1.1 லட்சம் கோடி உரிய நிதியங்களுக்குப் போகவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே சுட்டிக்காட்டினார்.

சரக்கு மற்றும் சேவை வரியின் கதையும் இந்த நூலில் கோக்கத்தக்கதே. விற்பனை வரி மாநிலங்களின் முதுகெலும்பு. 1957இலேயே துணி, சர்க்கரை, புகையிலை ஆகியவற்றின் மீதான விற்பனை வரியை அவை விட்டுக்கொடுத்து, பதிலுக்குக் கூடுதல் கலால் வரியைப் பெற்றன. அது எதிர்பார்த்தபடி வளரவில்லை என்று நெடுங்காலம் முறையிட்டன. 2017இல் விட்டுக்கொடுத்தது அதைவிடப் பன்மடங்கு. சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தில் ஒன்றியத்தின் வாக்கு மூன்றில் ஒன்று, தீர்மானத்துக்குத் தேவை நான்கில் மூன்று. எல்லா மாநிலங்களும் ஒரே குரலில் பேசினாலும் ஒன்றியம் இணங்காமல் எதுவும் நிறைவேறாது. மன்றத்தின் பரிந்துரைகள் கட்டுப்படுத்துபவை அல்ல என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஆறுதல்தான். நடைமுறையில் தனிவழி செல்லத் துணியும் மாநிலம் எது?

அரசியல் தளத்தில் நடந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். 356ஆம் உறுப்பின்படி மாநில அரசுகள் கலைக்கப்பட்டபோது தெருவில் போராட்டம் எழுந்தது, தமிழ்நாட்டில் ராஜமன்னார் குழு அறிக்கையும் 1974இன் தன்னாட்சித் தீர்மானமும் வந்தன, சர்க்காரியா ஆணையம் அமைந்தது, இறுதியில் பொம்மை வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கடிவாளம் போட்டது. கண்ணுக்குத் தெரிந்த மீறலுக்கு எதிர்ப்பும் தீர்வும் கிடைத்தன. நிதிச் சட்டத்தின் ஒரு பிரிவில் நடக்கும் மாற்றத்துக்கு எதிராக ஊர்வலம் போனவர் இல்லை.

எனவே திருத்தம் வேண்டிய இடம் விழுக்காடு அன்று. செஸ், கூடுதல் வரி இரண்டும் மொத்த வரி வருவாயில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 271ஆம் உறுப்பில் உச்சவரம்பு தேவை. அதை மீறும் தொகை தானாகவே பகிர்வுத் தொகுப்பில் சேரவேண்டும். ஒவ்வொரு செஸ்ஸுக்கும் முடிவு நாள் ஒன்று சட்டத்திலேயே குறிக்கப்படவேண்டும். கூட்டாட்சியை ஆராயும் இளம் ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தீர்ப்புகளையும் ஆணைய அறிக்கைகளையும் படிக்கும் அக்கறையோடு, 1950 தொடங்கி ஒவ்வோராண்டின் நிதிச் சட்டத்தையும் வரிவரியாகப் படியுங்கள்.