குரல்நாண் ஆய்வு வரலாற்றில் மீயொலியின் இடம்

முன்னுரை
நெஞ்சறை அறுவைக்குப்பின் குரல் கம்முவதற்குக் காரணம் உடலமைப்பிலேயே உள்ளது. இடது மீள்குரல்வளை நரம்பு பெருந்தமனி வளைவைச் சுற்றியே குரல்வளைக்கு மேலேறுகிறது. அஃது ஊறுபடின் இடது குரல்நாண் அசைவிழக்கும். உணவும் நீரும் மூச்சுக்குழலுக்குள் புகக்கூடும்.

வரலாற்றுப் போக்கு
இந்நரம்பைக் கட்டினால் பன்றியின் ஓசை அடங்குவதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே காலன் காட்டினார். இசையாசிரியர் மானுவல் கார்சியா 1854இல் கண்ணாடிகளைக்கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். 1938இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ், பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்து, பிறந்தபின்னும் மூடாதிருந்த நாளத்தை ஒரு சிறுமிக்குக் கட்டினார். மீள்நரம்பு வளைந்து திரும்பும் இடமும் அதுவே. தமிழகத்தில் 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார்.

மீயொலியின் வரவு
மூக்குவழி செலுத்தும் அகநோக்கி பச்சிளங்குழந்தைக்குத் துன்பம் தருவது. மீயொலிக் கருவியோ கழுத்தின்மேல் வைக்கப்படுவது. படுக்கையருகிலேயே நாண்களின் அசைவைக் காட்டுகிறது. குழந்தைகளின் மென்குருத்தெலும்பு ஒலியலைக்கு வழிவிடுகிறது. முதிய ஆண்களின் சுண்ணமேறிய குருத்தெலும்பு அதனை மறைக்கிறது.

முடிவுரை
குரல் மாறாமலும் நாண் செயலிழந்திருக்கலாம். ஆதலின் செவியை மட்டும் நம்புதல் போதாது. மீயொலி முதற்சல்லடையாகவும், ஐயமுள்ளவிடத்து அகநோக்கி இறுதிச் சான்றாகவும் அமைதலே இவ்வரலாறு சுட்டும் முறை.