ஏட்சியின் அம்பறாத்தூணி: முடிவுறாத பன்னிரண்டு கோல்கள்

1991 செப்டம்பரில், ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையை ஒட்டிய ஏட்ஸ்தால் ஆல்ப்ஸ் மலையில், 3,210 மீட்டர் உயரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு மனித உடல் வெளிப்பட்டது. ஏட்சி என்று பெயரிடப்பட்ட அம்மனிதன் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவனுடைய தோல் அம்பறாத்தூணியில் 14 அம்புகள் இருந்தன. முழுமை பெற்றவை இரண்டே. அவையும் முறிந்து கிடந்தன. எஞ்சிய 12 வெறுங்கோல்கள். முனையும் இல்லை, இறகும் இல்லை. அம்பு செய்யும் முறைக்கு இந்த வெறுங்கோல்களே சிறந்த சான்று.

கோல்கள் விபர்னம் என்னும் புதர்ச்செடியின் நேரான கிளைகள். பட்டை உரிக்கப்பட்டவை, முழுதும் இழைக்கப்படாதவை. பெருமரத்தைப் பிளந்து செதுக்கினால் நாரோட்டம் இடையில் அறுபடக்கூடும். அறுபட்ட இடத்தில் கோல் முறியும். இளங்கிளையிலோ நார் நுனிவரை தொடர்ந்து ஓடுகிறது. நாண் பின்னிருந்து தள்ளும் கணத்தில் கோல் வளைந்து நெளிந்தே வில்லைக் கடக்கிறது. விறைப்பு மிகுந்தாலும் குறைந்தாலும் அம்பு குறி விலகும். ஆகவே, அம்பின் தரம் முதலில் கோலைப் பொறுத்தது. கல்முனையே தொல்லியல் களங்களில் அழியாமல் எஞ்சுவதால் ஆய்வாளர் கவனம் அதன்மேல் குவிந்தது இயல்பு. ஆனால் அது கோலின் பங்கை மறைத்துவிட்டது.

முடிந்த அம்புகளில் மற்றப் படிகளைக் காணலாம். ஒன்றின் முன்பகுதியில் கார்னஸ் மரத்துண்டு தனியே பொருத்தப்பட்டுள்ளது. சக்கிமுக்கிக் கல்முனை பூர்ச்சமரத் தாரால் ஒட்டப்பட்டு நூலால் கட்டப்பட்டிருக்கிறது. பூர்ச்சப் பட்டையைக் காற்றுப் புகாமல் சூடாக்கி வடிக்கும் இத்தார் சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும். பின்முனையில் மூன்று இறகுப் பிளவுகளைத் தாரில் பதித்து, நெட்டில் செடியின் மெல்லிய நாரால் தூவிகளுக்கிடையே சுற்றியிருக்கிறார்கள். இறகு காற்றை எதிர்த்து அம்பின் வாலைப் பின்னிழுப்பதால் முனை முன்னோக்கியே செல்கிறது.

பன்னிரண்டு கோல்களும் ஏன் பாதியில் நின்றன? ஏட்சியின் கற்கருவிகள் திரும்பத் திரும்பத் தீட்டித் தேய்ந்திருந்தன. ஆகவே நல்ல கல் கிடைக்காமல் போயிருக்கலாம் என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. கல் தட்டுப்பாடு முனை இல்லாததற்குக் காரணமாகலாம். இறகு இல்லாததற்கு அது காரணம் ஆகாது. அவன் வைத்திருந்த 1.82 மீட்டர் நீள யூ மர வில்லும் செதுக்கிய தடங்களோடு முடிவுறாமலே இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு விளக்கமே பொருந்துகிறது: கோல்களை மொத்தமாக வெட்டிப் பட்டை உரித்து வைத்து, அடுத்த வேலைகளைப் பின்னர் படிப்படியாகச் செய்திருக்கிறார்கள். வில்லின் இழுவிசை எவ்வளவு என்று தெரியாமல், அதற்கு ஏற்ற விறைப்பு வரக் கோலை எவ்வளவு சீவுவது என்று முடிவுசெய்ய இயலாது. வில் முடியும்வரை கோல்களை அப்படியே விட்டுவைப்பது கைதேர்ந்தவன் செய்யக்கூடியதே.