சூரியனிடம் மழை கேட்டவர்கள்

கொடைக்கானலுக்குப் போனால் போட்டிங், குதிரை சவாரியோடு திரும்பிவிடாதீர்கள். அங்கே ஒரு சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது பிறக்க ஒரு காரணம் என்ன தெரியுமா? பஞ்சம்!

1876-78. மழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தார்கள். 'அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா?' என்று அரசு தவித்தபோது, சில விஞ்ஞானிகள் சூரியனைக் கை காட்டினார்கள். சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும்; அதை வைத்தே மழையைச் சொல்லிவிடலாமாம்! 1899-ல் கொடைக்கானல் நிலையம் தயார்.

1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார் கில்பர்ட் வாக்கர். கணிதப் புலி! நாடு முழுக்க மழைமானிகள் சேர்த்த பல வருடக் கணக்கைச் சூரியப் புள்ளிகளோடு ஒப்பிட்டார். ம்ஹூம்... நம்பி விதைக்கிற அளவுக்கு உறவே இல்லை!

யோசித்துப் பாருங்கள். அந்த உண்மையைச் சொன்னது, யார் யாரோ தினமும் காலையில் அளந்து எழுதிவைத்த மழைக்கணக்கு. அவர்கள் சோம்பல்பட்டு, குத்துமதிப்பாக எழுதியிருந்தால்?

இன்று தானியங்கி மழைமானிகள் வந்துவிட்டன. ஆனாலும் மழைமானி அளப்பது, தான் நிற்கிற இடத்து மழையை மட்டும்தான். பழனி மலையில் ஒரு சரிவில் கொட்டும். அடுத்த சரிவில் தூறலோடு போய்விடும். கொட்டிய இடத்துக் கணக்கைப் பார்த்து 'இங்கே வறட்சி இல்லை' என்று எழுதினால், நஷ்டம் காகிதத்துக்கா, விவசாயிக்கா?